உள்ளாட்சி மாநாடு: கோவையா, உதகையா, மாமல்லபுரமா?

உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் மாநாட்டை எந்த ஊரில் வைப்பது என்று கேட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் உதகை என்பார்கள். மீதிப் பேர் "கடற்கரைப் பக்கம் வைத்தால் குடும்பத்தையும் கூட்டிவரலாம்" என்பார்கள். பொருளாளர் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவர் மனசில் ஓடும் கணக்கைத்தான் இங்கே விரித்துப் போடுகிறோம்.

250 பிரதிநிதிகள், கூட வருவோர் 100 பேர், இரண்டு இரவுத் தங்கல், சுற்றுச்சூழல் அமர்வுகள், அதை ஒட்டி ஒரு களப்பயணம். இந்த அளவை வைத்து கோவை, உதகை, மாமல்லபுரம் மூன்றையும் பார்ப்போம். கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்காகத் திருச்சி பற்றியும் கொஞ்சம் இருக்கிறது.

## எதை வைத்து ஊரை முடிவு செய்வது

களப்பயணம். மண்டபம் எந்த ஊரிலும் கிடைக்கும். பிரதிநிதி தன் ஊருக்குத் திரும்பி "இதை நாமும் செய்யலாம், இவ்வளவு ஆகும்" என்று சொல்லத்தக்க ஒரு நிலையம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திலும் ஒரு நேரத்தில் 40 பேருக்கு மேல் நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. ஒரு தொகுதிக்கு 40 நிமிடம் என்றால், ஒரே நிலையத்தில் 250 பேரைக் காட்டி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இடம் வேண்டும். பதிவுப் படிவத்திலேயே "எது பார்க்க வேண்டும்?" என்று கேட்டுப் பிரித்துவிட வேண்டும். எல்லாரையும் எல்லா இடத்துக்கும் சுழற்றி அனுப்பும் திட்டம் காகிதத்தில்தான் நடக்கும்.

ஒரே சாலை. களப்பயணமும் கூட வருவோரின் சுற்றுலாவும் ஒரே சாலையில் அமைந்தால் மதியச் சாப்பாட்டை ஒரே இடத்தில் வைக்கலாம். ஒரு பேருந்து பழுதானால் இன்னொன்று ஆள் ஏற்றிக்கொள்ளும். இரண்டும் எதிரெதிர் திசையில் போனால் நடப்பது வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கூட்டம் திரும்பியிருக்கும், மற்றது நெரிசலில் மாட்டியிருக்கும், பிரதிநிதி அமர்வை விட்டுவிட்டு வாசலில் போனும் கையுமாக நிற்பார்.

அறைக் கணக்கு. கூட வரும் 100 பேர் என்பது சுமார் 70 குடும்பம். அவர்களுக்கு 70 அறை. மீதி 180 பிரதிநிதிகளுக்கு இருவருக்கு ஒன்றாக 90. பேச்சாளர், அலுவலர், ஓட்டுநர்களுக்கு 15. ஆக 175 அறை. இவை இரண்டு மூன்று விடுதிக்குள் அடங்கினால் நல்லது. ஆறேழு விடுதியாகச் சிதறினால் காலையில் ஆள் திரட்டுவதற்கே ஒரு மணி நேரம் போய்விடும்.

காலம். கிராம சபை நாட்கள் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) ஒட்டிய வாரங்களில் ஊராட்சித் தலைவர் வரமாட்டார். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் வரவு செலவுத் திட்டமும் வரிவசூலும். மண்டபம் மலிவாகக் கிடைப்பது கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரஜோதி வரை சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் சபரிமலைக்குப் போய்விடும். மார்கழியில் மண்டபத்தில் மிச்சம் பிடித்ததைப் பேருந்துக்காரரிடம் கொடுக்க வேண்டிவரும்.

கூட வருவோர் யார்? இன்னும் பல அழைப்பிதழ்களில் "மகளிர் நிகழ்ச்சி: கோலம், சமையல் போட்டி" என்று அச்சடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பெண்களுக்கு 50 விழுக்காடு என்று சட்டம் வந்தது 2016-இல். இன்று பிரதிநிதி அம்மா, கூட வருவது கணவர், மாமியார், கைக்குழந்தை. மண்டபத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் அறையும் பாலூட்டும் இடமும் வேண்டும். கணவர்மார்களுக்கு வெளியே போக ஒரு நல்ல திட்டம் இருந்தால், அவர்கள் அமர்வுக்குள் வந்து மனைவியின் நாற்காலியில் உட்காருவதும் குறையும்.

## கோவை

களப்பயணத்துக்காகவே மாநாடு என்றால் இதை அடித்துக்கொள்ள வேறு ஊர் இல்லை. மூவகைப் பிரதிநிதிக்கும் மூன்று இடம் இயல்பாகவே அமைந்திருக்கிறது.

மாநகராட்சி, நகராட்சிக்காரர்களுக்கு உக்கடம். நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும், கரை கட்டிச் சீரமைத்த பெரியகுளமும் பக்கத்துப் பக்கத்தில். குளத்தின் நடைபாதையைப் பார்த்து மயங்கிப் படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள் என்பதுதான் ஆபத்து. குளத்துக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆகாயத்தாமரையை வருஷத்தில் எத்தனை முறை அள்ளுகிறார்கள், அதற்கு என்ன செலவு என்பவற்றைச் சொல்ல ஒரு பொறியாளர் கூட நடக்க வேண்டும். நேரமிருந்தால் வெள்ளலூர் கிடங்கில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையையும் சேர்க்கலாம். கோடையில் அங்கே போவதாக இருந்தால் காலை ஒன்பதுக்குள் முடித்துவிட வேண்டும்.

பேரூராட்சிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் வட்டாரத்தின் மலக்கசடு (செப்டிக் டேங்கில் சேரும் கழிவு) மேலாண்மை. பாதாளச் சாக்கடை வராத ஊர்களுக்கு இதுதான் நேரடிப் பாடம்.

ஊராட்சித் தலைவர்களுக்கு அதே சாலையில் இன்னும் மேலே, மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை. 2006-இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை நிறுவிய ஊராட்சி. இங்கே ஏற்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு: நிரலில் "காற்றாலை பார்வையிடல்" என்று போட்டுவிடுவார்கள். காற்றாலை ஓடந்துறையில் இல்லை. அது காற்று வீசும் உடுமலைப் பக்கம், மைவாடியில் இருக்கிறது. ஓடந்துறையில் பார்க்க வேண்டியது இறக்கையை அல்ல, கணக்குப் புத்தகத்தை. கடன் எவ்வளவு, தவணை எப்படிக் கட்டினார்கள், காற்றாலையில் வந்த யூனிட்டை ஊராட்சியின் மின்கட்டணத்தில் எப்படிக் கழித்தார்கள், மிச்சத்தை மின்வாரியத்துக்கு எப்படி விற்றார்கள் என்பவற்றை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கூட வருவோருக்கும் அதே மேட்டுப்பாளையம் சாலைதான். பவானிக் கரையில் தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயில், பிள்ளைகளுக்கு பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்கா. மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து எல்லாருக்கும் ஒரே பந்தி போட்டுவிடலாம். மலை ஏற விரும்பாத பெரியவர்களுக்கு ஊருக்குள்ளேயே பேரூர் பட்டீசுவரர் கோயில், வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம், ஜீடி கார் அருங்காட்சியகம்.

*மறைந்த செலவு:* நேரம். கவுண்டம்பாளையம், துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் போய்ச்சேர 36 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உதகைக்கு ஏறும் வண்டிகளால் அதுவும் போதாது. தொழிற்கண்காட்சி நடக்கும் வாரங்களில் அவினாசி சாலையில் அறைகள் விலையேறும். தேதி முடிவாகும் முன் கொடிசியா வளாகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

*எப்போது:* ஆடி மாதம். தென்மேற்குக் காற்றில் ஊர் குளுமையாக இருக்கும், மண்டபமும் பேரத்துக்குப் படியும். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முந்தைய இரு வாரங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

## உதகை

கூட வருவோரின் வாக்கெடுப்பில் எப்போதும் முதலிடம். தாவரவியல் பூங்கா, குன்னூர் சிம்ஸ் பூங்கா, மலை ரயில் என்று திட்டம் தானாக எழுதப்பட்டுவிடும். ஏற்பாட்டாளருக்குத்தான் சங்கடம்.

முதலில் வண்டி. பெரிய பேருந்தைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 இருக்கை வேனில் 18 பேர் வீதம் 350 பேருக்கு 20 வேன் வேண்டும். கோவையில் இதே வேலைக்கு 9 பேருந்து போதும். 20 வேன் என்றால் 20 ஓட்டுநர், 20 பேட்டா, 20 பேருக்கு ராத்தங்கல். வெளிமாவட்ட வண்டி ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ். உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ளது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் போட்டார்கள். முந்தைய நாள் இரவில் வண்டி மாறினால் பாஸும் மாற வேண்டும். வாடகை வண்டிக்காரர் கடைசி நேரத்தில் "இதே மாதிரி வேறு வண்டி அனுப்புகிறேன்" என்று சொல்வது இங்கே செல்லாது.

பிறகு மலை ரயில். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் ஓடத் தொடங்கிய பாதை இது. முழுப் பாதைக்கு ஏறுவதற்கே ஐந்து மணி நேரம் ஆகும், பெட்டிகள் நான்கைந்துதான். நூறு பேருக்கு ஒரே நாளில் இருக்கை கிடைக்கும் என்று நிரலில் எழுதிவிடாதீர்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி நிறுத்தப்படும். உதகை–குன்னூர் இடையே மட்டும் 19 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். அதை 30 பேர் வீதம் பிரித்துப் பதிவு செய்யுங்கள், சிம்ஸ் பூங்காவில் இறக்கி வேனில் திரும்பட்டும்.

அறை: 175 ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. சேரிங்கிராஸ் பக்கம் கொஞ்சம், ஏரிப் பக்கம் கொஞ்சம் என்று சிதறும். வெந்நீர் காலை இரண்டு மணி நேரம்தான் என்ற விடுதிகள் உண்டு, 8.30-க்குத் துவக்க விழா வைத்தால் 9.30-க்கு முன் ஆள் வராது. கூடுதல் கம்பளி, அறை ஹீட்டர் எல்லாம் தனிக் கட்டணமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

சுற்றுச்சூழல் அமர்வுக்கு இங்கே சரக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தடையை மாநிலத்துக்கு வெகு முன்பே கையில் எடுத்த மாவட்டம். தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் சாலையோரக் குடிநீர் ஏடிஎம். காட்டை விழுங்கும் உண்ணிச்செடி. மலைச்சரிவில் கட்டடம் கட்டும் கட்டுப்பாடு. குன்னூர் ஓட்டுப்பட்டறையில் குப்பையைப் பிரித்துக் கட்டி அனுப்பும் மையம். கேள்வி என்னவென்றால், இராமநாதபுரத்துப் பிரதிநிதிக்கு மலைக்கட்டட விதியால் என்ன பயன்? ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை, கூடலூர்க்காரர்கள் 60, 80 பேர் கூடினால் உதகையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 350 பேருக்கு இது மாநாடாக இருக்காது, சுற்றுலாவாகத்தான் முடியும்.

*எப்போது:* செப்டம்பர். ஏப்ரல் முதல் ஜூன் வரை வேண்டவே வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. முதியவர்கள் அறையை விட்டு வெளியே வரமாட்டார்கள்.

## மாமல்லபுரம்

பெரிய கூட்டம் நடத்திப் பழகிய ஊர். 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் இங்கேதான் நடந்தது. மண்டபமும் தங்கலும் ஒரே வளாகத்தில் இருக்கும் விடுதிகள் உள்ளதால் ஆள் திரட்டும் தலைவலி இல்லை.

களப்பயணத்துக்கு நல்ல தேர்வு கருங்குழி. மதுராந்தகத்தை ஒட்டிய பேரூராட்சி. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இங்கேதான் வந்தது. செப்டிக் டேங்க் லாரி வந்து குழாயை மாட்டித் திறக்கும். துணியும் பிளாஸ்டிக்கும் கம்பி வலையில் தங்கும், மீதி உலர் படுகையில் பரவும். நீர் அடியில் வடிந்து கல்படுகை வழியாகத் தெளியப் போகும், மேலே நிற்பது காயும். சில நாள் கழித்துப் பார்த்தால் படுகை வைகாசியில் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதை மண்வெட்டியால் புரட்டும்போது நாற்றம் இருக்காது. பிரதிநிதிகள் நம்புவது அந்த ஒரு நிமிடத்தில்தான். ஆகவே லாரி கொட்டும் படுகையையும் காய்ந்த படுகையையும் ஒரே வருகையில் பார்க்கும்படி நேரத்தைக் கேட்டு வையுங்கள். லாரி வராத நேரத்தில் போனால் வெறும் சிமெண்ட் தொட்டிகளைத்தான் பார்ப்பார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல். ஊர் மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்துவரும் ஏரி, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பிரதிநிதிகளைக் கருங்குழியில் இறக்கிவிட்டு, கூட வருவோர் வேடந்தாங்கல் போகட்டும். மதுராந்தகத்தில் சேர்ந்து சாப்பிட்டுத் திரும்பலாம். இரண்டாம் குழுவுக்கு எதிர்ப்பக்கம் நெம்மேலி. 2013-இல் தொடங்கிய நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை, 2024-இல் சேர்ந்த 15 கோடி லிட்டர் ஆலை என்று கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டும் அங்கே. சென்னைக் குடிநீர் வாரியத்தின் முன் அனுமதி கட்டாயம், பெயர்ப்பட்டியலோடு. ஒன்றை மட்டும் சொல்லிவைக்கலாம்: நெம்மேலியைப் பார்த்து வியக்கலாமே தவிர, எந்தப் பேரூராட்சியும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஊருக்குள்ளேயே கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் அருச்சுனன் தபசும் இருப்பதால் கூட வருவோர் நிகழ்ச்சியைப் பற்றிக் கவலை இல்லை. பாரம்பரிய வீடுகளும் கைவினைகளும் உள்ள அருங்காட்சியகமான தட்சிணசித்ராவைச் சேர்ப்பதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

*மறைந்த செலவு:* வரி. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி, அதைத் தாண்டினால் 18. கடற்கரை விடுதி 8,000 சொன்னால் வரியோடு 9,440. பேரம் பேசி 7,400-க்கு இறக்கினால் 7,770. அறைக்கு 1,670 வீதம், 175 அறை இரண்டு இரவுக்கு 5,84,500 ரூபாய் மிச்சம். 600 ரூபாய்ப் பேரம்தான், பலன் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

அடுத்தது வைகறை. தென்மாவட்ட ரயில்கள் பல விடியும் முன்பே செங்கல்பட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து மாமல்லபுரம் 30 கிலோமீட்டர். எழும்பூர் போய்த் திரும்புவது வீண். ஆனால் விடுதி அறை பன்னிரண்டு மணிக்குத்தான் கைக்கு வரும். முந்தைய இரவுக்கே 20 அறை எடுத்து, எட்டுப் பேருக்கு ஒன்று என்று குளிக்க மட்டும் விட்டால் 160 பேர் ஒழுங்காகத் துவக்க விழாவுக்கு வருவார்கள்.

*எப்போது:* தோதான காலம் குறுகியது. ஐப்பசி, கார்த்திகையில் புயல். மார்கழியிலிருந்து தைப்பூசம் வரை மேல்மருவத்தூர்ப் பக்தர்களால் மதுராந்தகம் சாலை நிரம்பி வழியும், கருங்குழி வழியும் அதுதான். தைப்பூசம் கழிந்து பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குள். பறவையும் அப்போது இருக்கும்.

## திருச்சி, சுருக்கமாக

மாநிலத்தின் நடு ஊர். பெரும்பாலானோர் காலையில் கிளம்பி மதியம் சேரலாம், ஒரு இரவுத் தங்கலில் முடித்துவிடலாம். களப்பயணத்துக்கு கல்மந்தை: 2002-இல் திறந்தவெளி மலங்கழித்தல் ஒழிந்த குடிசைப்பகுதியாக நாட்டிலேயே முதலில் அறிவிக்கப்பட்ட இடம். சமுதாயக் கழிப்பறையைப் பெண்கள் குழுவே காசு வசூலித்து நடத்தும் முறையைக் கேட்டறியலாம். ஆனால் அது மக்கள் குடியிருக்கும் தெரு. 20 பேருக்கு மேல் கூட்டிப்போய்ப் படம் பிடிப்பது மரியாதை அல்ல. கூட வருவோருக்கு ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, கல்லணை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. வைகுண்ட ஏகாதசி வாரத்தில் மட்டும் அறை கேட்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | கோவை | உதகை | மாமல்லபுரம் | திருச்சி |
|---|---|---|---|---|
| களப்பயணம் | மூவகைப் பிரதிநிதிக்கும் உண்டு | மலையூர்களுக்கு மட்டும் | மலக்கசடு, கடல்நீர் | சமுதாயக் கழிப்பறை |
| ஒரே சாலையில் அமையுமா | ஆம், மேட்டுப்பாளையம் சாலை | பாதி | ஆம், மதுராந்தகம் பக்கம் | பாதி |
| 175 அறை | எளிது | சிதறும் | இரண்டு மூன்று விடுதி | எளிது |
| 350 பேருக்கு வண்டி | 9 பேருந்து | 20 வேன் | 9 பேருந்து | 9 பேருந்து |
| நல்ல காலம் | ஆடி | செப்டம்பர் | தைப்பூசத்துக்குப் பின் | ஆடி, தை |
| எதிர்பாராத செலவு | பயண நேரம், கண்காட்சி வாரம் | வேன், பேட்டா, கம்பளி | 18% வரி, வைகறை அறை | மிகக் குறைவு |

250 பேர், எல்லா மாவட்டமும் என்றால் கோவைதான். பாதிக்கு மேல் வடமாவட்டக்காரர்கள், பேச்சு முழுக்கக் கழிவுநீர் பற்றி என்றால் மாமல்லபுரம்.

## எந்த ஊரானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

களப்பயணத்தை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். முதல் நாள் மதியம் என்றால் துவக்க விழா நீண்டு அதைத் தின்றுவிடும். கடைசி நாள் என்றால் பதினொரு மணிக்கே பெட்டியோடு ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். பார்த்துவந்த மதியமே மதிப்பீட்டு அமர்வு: 10,000 மக்கள் உள்ள பேரூராட்சிக்கு நிலம் எவ்வளவு, கட்டச் செலவு, மாதப் பராமரிப்பு, எந்தத் திட்ட நிதி. பேச்சாளர் பட்டியலில் நிலையத்தை அன்றாடம் ஓட்டும் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கட்டும்.

சிறப்பு விருந்தினரின் தேதி மாறும். விடுதி ஒப்பந்தத்தில் "ஒரு முறை கட்டணமின்றித் தேதி மாற்றலாம்" என்ற வரி இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கூட வருவோர் செலவை உள்ளாட்சி நிதியில் காட்டினால் தணிக்கைத் தடை நிச்சயம். தனிக் கட்டணம், தனி ரசீதுப் புத்தகம், தனி வங்கிக் கணக்கு. விடுதியிடமும் இரண்டு பில்லாகக் கேளுங்கள்.

சுற்றுச்சூழல் பேசும் மேடையில் பிளாஸ்டிக் பாட்டில் வரிசையாக நின்றால் மறுநாள் செய்தித்தாளில் அந்தப் படம்தான் வரும். ஒருவருக்கு நாளைக்கு 3 லிட்டர் வீதம் 350 பேருக்கு 1,050 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 53. எவர்சில்வர் டம்ளர் 500, கழுவ இரண்டு ஆள். வாழை இலையில் பந்தி போட்டால் மிச்சமெல்லாம் ஒரே தொட்டியில் உரத்துக்குப் போகும். பஃபே என்றால் காகிதக் கப், டிஷ்யூ, மரக்கரண்டி மூன்றும் சோற்றோடு கலந்துவிடும், பிரிக்க யாரும் வரமாட்டார்கள். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாள் முன்பே அந்த ஊர் உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லின. உள்ளாட்சிக்காரர்களே அந்தக் கடிதத்தை மறப்பதுதான் வேடிக்கை.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு பேர் அதே கிழமையில், அதே நேரத்தில், ஒரு பேருந்தில் முழு வழியையும் ஓட்டிப் பாருங்கள். நிலையத்து வாசலில் பேருந்து திரும்ப இடம் இருக்கிறதா, ஏணிப்படிக்குக் கைப்பிடி உண்டா, வழியில் பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை எங்கே என்று குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளரின் கைபேசி எண்ணையும் லாரி வரும் நேரத்தையும் வாங்கி வரட்டும்.